யாருடைய விண்வெளி வீரர்?

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகில் செல்வோருக்கு இடப்புறம் டிராம்பே கரையில் அணு உலையின் உருண்டைக் கூரை தெரியும். சோவியத் ஒன்றியத்தை விட்டுக் கணக்கிட்டால், ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று அந்தக் கரையில்தான் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் விண்வெளித் திட்டமும் அதே அணுசக்தித் துறையின் மடியில் பிறந்ததே. 1962இல் அத்துறையின் கீழ் இன்கோஸ்பார் குழு அமைக்கப்பட்டபோது, டிராம்பேயில் பணியாற்றிக்கொண்டிருந்த இளம் தமிழ்ப் பொறியாளர் ஆர். அரவமுதன் விக்ரம் சாராபாயின் முதல் அணியில் சேர்ந்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. விண்வெளிக்கென்று தனித்துறை உருவானது 1972இல்தான்.

படகில் செல்வோருக்குத் தெரியாத ஊர் ஒன்று அந்த மலைக்கு மறுபக்கம் உண்டு. அதன் பெயர் சீட்டா கேம்ப். அணுசக்தி நிறுவனத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் எழுபதாயிரம் பேர் என்று கணக்கிடப்பட்ட உழைப்பாளி மக்கள் வாழ்ந்தனர். தமிழர்கள் அவர்களில் கணிசமானோர். நிறுவனத்தின் விரிவாக்கத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்றது அரசு. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதத்தின் தலைமையில் மக்கள் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடினர். 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலையின் கீழ், காவல்துறையின் துணையோடு காலனி இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் டிராம்பேயின் சதுப்பு நில ஓரத்துக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். அதே மாதத்தில், சாராபாய் கனவு கண்ட செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் செய்தது ஒரே அரசு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தேசிய உணர்வைப் பற்றிப் பேசுவது நேர்மையான பேச்சாகாது.

2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குச் சென்று, ஜூலை 15 அன்று திரும்பினார். அதன் பிறகு ஒன்றிய ஆட்சியாளர்களும் அவர்களுடைய தொலைக்காட்சிகளும் பாடிய பல்லவி ஒன்றே: நூற்று நாற்பது கோடி மக்களின் நெஞ்சம் நிமிர்ந்தது. சுக்லாவின் துணிவும் பயிற்சியும் மதிக்கத்தக்கவை. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. நிமிர்ந்த நெஞ்சத்துக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு என்ன என்பதுதான் கேள்வி.

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் சோயுஸ் கலத்தில் சென்றார். இன்டர்காஸ்மாஸ் என்ற ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் அந்த வாய்ப்பு நட்பின் பேரில் கிடைத்தது. இருக்கைக்கு விலை பேசப்படவில்லை. நாற்பத்தோராண்டுகளுக்குப் பிறகு இரண்டாமவர் சென்றது ஆக்சியம் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம் விற்ற பயணத்தில், எலான் மஸ்க்கின் நிறுவனம் கட்டிய கலத்தில். இந்தியா கொடுத்த தொகை சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதே கலத்தில் உடன் சென்ற இருவர் போலந்துக்காரரும் ஹங்கேரிக்காரரும் ஆவர். அவ்விரு நாடுகளின் முதல் விண்வெளி வீரர்களும், 1978இலும் 1980இலும், அதே சோவியத் திட்டத்தில் பறந்தவர்களே. மூன்று நாடுகள் தோழமையின் பேரில் ஏறிய படியில், இன்று காசு கட்டி ஏறுகின்றன. இதைத் தற்சார்பு என்று பெயரிட்டு விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

விண்ணிலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டபோது, ராகேஷ் சர்மா இக்பாலின் பாடலின் முதல் அடியையே விடையாகச் சொன்னார். நாடு முழுவதும் அதைக் கேட்டுச் சிலிர்த்தது. அந்த இக்பால் பற்றிய பாடத்தை நீக்க 2023இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு முடிவு செய்தது. அன்றைய தேசிய உணர்வில் ஓர் உருதுக் கவிஞனுக்கு இடம் இருந்தது. இன்று பரிமாறப்படும் தேசிய உணர்வில் அவனுக்கு இடமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்று என்று ஏமாற வேண்டியதில்லை.

இன்றைய சரக்கின் தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டே போதும். 2025 ஆகஸ்டில், தேசிய விண்வெளி நாளில், இமாசலப் பிரதேசத்தின் ஊனாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் விண்வெளிக்கு முதலில் சென்றவர் யார் என்று முன்னாள் ஒன்றிய அமைச்சர் அனுராக் தாக்கூர் கேட்டார். பிள்ளைகள் ஆம்ஸ்ட்ராங் என்றனர். அனுமன் என்றே தாம் கருதுவதாக அவர் சொன்னார். சரியான விடையான யூரி ககாரின் அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. ஒரு மனிதரை விண்ணுக்கு அனுப்பி, ஓர் அறை நிறையப் பிள்ளைகளைப் புராணத்துக்குத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பிரிவு நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி, நம் அணிகளுக்குள்ளேயே கேட்கும் மறுமொழி ஒன்றைப் பார்க்க வேண்டும். பசித்த நாட்டுக்கு மனிதரை விண்ணுக்கு அனுப்பும் வேலை எதற்கு என்று தோழர்கள் பலர் கேட்கின்றனர். தியோனார் குப்பைமேட்டுக்கும் டிராம்பேக்கும் இடையில் வாழ்கிறவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு எடை உண்டு. 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில், கோவண்டி, மான்குர்து, டிராம்பே பகுதிகள் அடங்கிய எம்-கிழக்கு வட்டாரம் நகரின் கடைசி இடத்தில் இருந்தது. ஆயினும் கேள்வி தவறான கதவைத் தட்டுகிறது. ககன்யான் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட மொத்த ஒதுக்கீடு 20,193 கோடி ரூபாய். அதுவும் பல ஆண்டுகளுக்கானது. 2019இல் பெருநிறுவன வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். ஒரே ஆண்டின் சலுகையில் ஏழு ககன்யான் அடங்கும். பசிக்குரிய பணம் ராக்கெட்டில் இல்லை, அம்பானி, அதானி வகையறாக்களின் வரிக்கணக்கில் இருக்கிறது.

1969 ஜூலையில், அப்பல்லோ-11 கிளம்புவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் வாரிசாகப் போராட்டத்தை நடத்திய ரால்ஃப் அபர்நாதி, கழுதைக்கோவேறுகள் பூட்டிய வண்டிகளோடும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடும் ஏவுதள வாயிலில் நின்றார். ராக்கெட்டை நிறுத்து என்று அவர் கேட்கவில்லை. வீரர்களின் சாதனையைப் போற்றிக்கொண்டே, நிலவுக்குச் செல்லக் காட்டிய உறுதியைப் பசிக்கு எதிராகவும் காட்டு என்றார். கம்யூனிஸ்டுகள் அதற்கும் ஓர் அடி முன்னே செல்லக் கடமைப்பட்டவர்கள். விண்வெளியை மனிதகுலத்துக்குத் திறந்தது உழைக்கும் வர்க்கத்தின் அரசு. ககாரின் கூட்டுப்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, வார்ப்பட வேலை கற்றவர். 1963 ஜூனில் விண்ணுக்குச் சென்ற முதல் பெண் வாலென்டினா தெரெஷ்கோவா நூற்பாலைத் தொழிலாளி. அவர்கள் சென்றதால் சோவியத் மக்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் மேலிருந்து ஊட்டப்பட்டதன்று. நேற்றுவரை தங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் போகிறார் என்பதில் ஊறியது.

இந்த உரைகல்லில் ககன்யானை உரைத்துப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 27 அன்று பிரதமர் மேடையேற்றிய நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள். பெண்ணுக்குக் கிடைத்த பங்கு, ஆளில்லாச் சோதனைக் கலத்தில் வைத்து அனுப்புவதற்கென்று செய்யப்பட்ட பெண்ணுருவ இயந்திரம் வியோமித்ரா. தெரெஷ்கோவா சென்று அறுபதாண்டுகள் கடந்த பிறகு, பெண்ணுக்குப் பதில் பொம்மை!

செய்கிறவர்களின் நிலையோ அதனினும் மோசம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாளில், ராஞ்சியிலுள்ள பொதுத்துறைக் கனரகப் பொறியியல் கழகமான எச்.இ.சி.யின் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கியிருந்தது. சந்திரயான்-3க்கென்று அந்நிறுவனம் எதையும் செய்யவில்லை என்று ஒன்றிய அரசு விளக்கம் கொடுத்தது. 2003 முதல் 2010 வரை இஸ்ரோவுக்கு அது உள்கட்டமைப்புக் கருவிகளை அளித்தது என்பதையும் அதே விளக்கம் ஒப்புக்கொண்டது. அதாவது, ஏவுதளத்தின் இரும்பு அவர்களுடையது, பெருமிதம் மட்டும் அவர்களுக்கில்லை. சம்பளம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தேதி பார்த்துச் சொன்ன மறுப்பு.

மக்கள் பணத்தில் அறுபதாண்டுகளாகக் கட்டியதை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. 2020 ஜூனில் விண்வெளித்துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2024இல் அந்நிய நேரடி முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டு, சில பிரிவுகளில் நூறு சதவீதம்வரை அனுமதிக்கப்பட்டது. 2025 பட்ஜெட் உரையில் அணுசக்திச் சட்டமும் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டமும் தனியாருக்காகத் திருத்தப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். எந்த டிராம்பேக்காக எழுபதாயிரம் பேர் தேசத்தின் பெயரால் வீடிழந்தார்களோ, அந்த டிராம்பேயின் அறுவடை இனி இலாபத்தின் பெயரால் பங்கு போடப்படும். தேசத்துக்கு நிலம் கொடுத்தவர்களிடம் இந்தப் பங்கீட்டுக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஆகவே, மனிதரை விண்ணுக்கு அனுப்புவது தேசிய உணர்வுக்கு இன்னும் தேவையா என்று கேட்பவர்களுக்கு விடை: தேவைதான், அதை வானவேடிக்கையாக்கும் கும்பலிடமிருந்து மீட்டெடுத்தால். மகேந்திரகிரியில் ககன்யானுக்கான எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அந்த வளாகத்தின் தொழிலாளர்கள் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் தரப்படும் கூலி என்ன, அடுத்த வீரர் தேர்வில் பெண்களுக்கும் விமானப்படைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் எத்தனை இடம், ஆக்சியத்துக்குக் கொடுத்த தொகையின் முழுக்கணக்கு என்ன என்ற நான்கையும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். சுக்லாவைப் பற்றி ஆகஸ்டில் மக்களவையில் சிறப்பு விவாதத்துக்கு நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, இதற்கு ஒரு பிற்பகல் கிடைக்காமல் போகாது.