கறுப்பு பெல்ட்டுக்கு என்ன அவசரம்?



போன சனிக்கிழமை மாலை, பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு மண்டபத்து வாசலில் நம் வாசகி ஒருவரைச் சந்தித்தேன். உள்ளே அவருடைய எட்டு வயது மகன் டேக்வாண்டோ வகுப்பில் இருந்தான். நலம் விசாரித்து முடிப்பதற்குள் மனக்குறையைக் கொட்டிவிட்டார்.

"பத்து மாசமாச்சுக்கா. இன்னும் மஞ்சள் பெல்ட்டுலயே நிக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் வேற கிளாஸ் போறான், அவனுக்குப் பச்சையே வந்துடுச்சு. இங்க மாஸ்டர் வாராவாரம் நிக்கிறதும் நடக்கிறதும்தான் சொல்லிக் குடுக்கிறாரு. நிக்கிறதுக்கா மாசாமாசம் காசு கட்டுறேன்?"

நியாயமான கேள்விதானே? மாதக் கட்டணம், சீருடை, கிரேடிங் எனும் பெல்ட் தேர்வுக் கட்டணம், பெட்ரோல் என்று எல்லாம் சேர்கிறது. பிள்ளை வளர வளர சீருடையும் குட்டையாகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. கைக்கு என்ன வருகிறது என்று கேட்க அந்தத் தாய்க்கு முழு உரிமை உண்டு.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "வாங்க, உள்ளே போய்ப் பார்ப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்.

உண்மையிலேயே நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எப்படி நிற்பது? ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு தோள் அகலம், முன்பின்னாக ஒன்றரைத் தோள் அகலம். முன் முழங்கால் குதிகாலுக்கு நேர் மேலே வரும் வரை மடங்க வேண்டும், பின்னங்கால் நீட்டியபடி இருக்க வேண்டும். உடம்பின் எடை இரு காலிலும் சரிபாதி. மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையாகப் போய்த் தோளை லேசாகத் தள்ளிப் பார்த்தார். சரியாக நின்ற பிள்ளை அசையவில்லை. அகலம் குறைவாக வைத்திருந்தவன் சிரித்துக்கொண்டே சாய்ந்தான். மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்து பக்கவாட்டு உதை. நாம் நினைப்பது காலை உயரத் தூக்குவதை. அங்கே பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு உதையை நான்காகப் பிரித்து, மெதுவாகச் செய்தார்கள். முழங்காலை மேலே கொண்டு வா. தரையில் இருக்கும் காலைத் திருப்பு. இடுப்பைச் சேர்த்து உதை. அதே வழியில் மடக்கி இறக்கு. தரையில் நிற்கும் பாதம் திரும்பாமல் உதைத்தால் அந்தத் திருகல் முழுதும் முழங்காலில் போய் விழுகிறது. வளர்கிற வயதில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு எந்த நிற பெல்ட் வாங்கி என்ன பயன்?

குத்தும் அப்படித்தான். ஒரு கை முன்னே போகும் அதே நேரத்தில் மறு கை இடுப்புக்கு வந்து சேர வேண்டும். முஷ்டி கடைசி நொடியில்தான் திரும்ப வேண்டும். மூச்சு அப்போதுதான் வெளியேற வேண்டும். புஜத்தின் பருமனால் மட்டும் பலம் வந்துவிடுவதில்லை என்பது இந்தக் கலையின் அடிப்படைப் பாடம். எதிர்விசை, சமநிலை, மூச்சு, வேகம், உடல் எடை, எல்லாவற்றையும் ஒரு சிறு புள்ளியில் குவிப்பது என்று ஆறு அம்சங்களை அவர்கள் சொல்கிறார்கள். ஒல்லியான பெண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா?

ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்களைப் பரதநாட்டியத்துக்கு அனுப்புகிறோம். மாதக்கணக்கில் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு மட்டும் தட்டுகிறார்கள். ஆறாவது மாதம் டீச்சரிடம் போய், "அரங்கேற்றம் எப்போ?" என்று கேட்கிறோமா? கேட்டால் நம் பாட்டியே நம்மைத் திட்டுவார். சிலம்பத்திலும் சுவடு பழகாமல் ஆசான் கம்பைச் சுற்றவிட மாட்டார். அங்கெல்லாம் நமக்குப் பொறுமை இருக்கிறது. டேக்வாண்டோவில் மட்டும் ஏன் அவசரம்? நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, பொறுமை தெரிவதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்.

இன்னொரு விஷயம். இது எங்கோ கொரியாவில் பிறந்து நமக்குச் சம்பந்தமில்லாமல் வந்த கலை என்று நினைக்காதீர்கள். இதற்கு டேக்வாண்டோ என்று 1955-இல் பெயர் வரக் காரணமானவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி. அவர் 1962-இல் தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூர் வந்தார். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் விருப்பப்படி மெர்டேக்கா ஸ்டேடியத்தில் இந்தக் கலை மக்கள் முன் செய்து காட்டப்பட்டது. அந்தச் சமயம் கொரியாவிலேயே பெயரை 'டேசூடோ' என்று மாற்றிவிட்டிருந்தார்கள். அங்குள்ள சங்கம் 1965-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. கொரியாவில் பெயர் மறைந்திருந்த அந்த வருடங்களில் நம் நாட்டுப் பிள்ளைகள் டேக்வாண்டோ என்றே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்!

அதோடு முடியவில்லை. மாணவர்கள் தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளை 'துல்' என்பார்கள். அவற்றில் பலவும் சோய் மலேசியாவில் இருந்தபோது உருவானவை. கிம் போக் மான், வூ ஜே லிம் என்ற இரு பயிற்றுநர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1966 மார்ச் 22-இல் சியோலில் அனைத்துலக டேக்வாண்டோ கூட்டமைப்பு தொடங்கியபோது, ஒன்பது நிறுவன நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பினாங்கின் ஒரு சமூக மண்டபத்தில் நம் பிள்ளை கால் வைக்கும்போது, அந்த வரிசைகளில் பல இந்த மண்ணிலேயே கோக்கப்பட்டவை என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்று அந்த வரிசைகள் மொத்தம் 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் எண் அது. முதல் வரிசை 'சோன்-ஜி', வானமும் பூமியும். 19 அசைவுகள். 'ஜூங்-குன்' வரிசைக்கு 32. ஆன் ஜூங் குன் என்ற விடுதலைப் போராளி 1910-இல் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது, கொரிய முறைக் கணக்குப்படி அவருடைய வயது அது. 'சூங்-மூ' என்பது கடற்படைத் தளபதி யி சுன் சின்னுடைய பட்டப்பெயர். அந்த வரிசை இடது கைத் தாக்குதலில் முடிகிறது. தன் ஆற்றல் முழுதையும் காட்ட வாய்ப்பில்லாமல் மடிந்த தளபதிக்காக அப்படி வைத்தார்கள். இவ்வளவு கதைகளை மூன்றே மாதத்தில் விழுங்கிவிட முடியுமா?

இதுவரை சொன்னது சோயின் பாணி. ஒலிம்பிக் பக்கம் போன டேக்வாண்டோவுக்கு வேறு வரிசைகள், வேறு போட்டி விதிகள். அதிலும் நமக்குப் பெருமை உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக இருந்தபோது நம் எம். வாசுகி வெண்கலம் வென்றார். ஒரு தமிழ்ப்பெண், கொரியாவுக்கே போய்! எந்தப் பாணியாக இருந்தாலும் அடித்தளம் நிற்பதும் மடக்குவதும் மூச்சும்தான்.

சான்றிதழ் பற்றியும் பேசிவிடுவோம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அதை மனத்தில் வைத்து அனுப்பும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி யாருக்குத்தான் கவலை இல்லை? ஆனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சிலதைப் பாருங்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு கிரேடிங்கிலும் தேறிவிடுகிறார்களா? அப்படியானால் யோசியுங்கள். என் உறவுக்காரப் பெண்ணொருத்தி அப்படி ஒரு வகுப்பில் இரண்டு வருடத்துக்குள் சிவப்பு பெல்ட் வரை போனாள். வேறு ஊருக்கு மாறியதும் புது மாஸ்டர் முதல் வரிசையைச் செய்யச் சொன்னார். பாதியில் நின்று அழுதுவிட்டாள். அந்த அழுகைக்கு அவள் காரணமில்லை.

சின்னப் பிள்ளைகளைப் பலகை உடைக்கச் சொல்கிறார்களா, காலை இழுத்துப் பிடித்து வலிக்க வலிக்க விரிக்கிறார்களா, காப்புக் கவசம் இல்லாமல் தலையில் உதைக்க விடுகிறார்களா? தயங்காமல் கேளுங்கள். நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார்.

வகுப்பு முடிந்ததும் நம் வாசகி மாஸ்டரிடம் கேட்டார். அவர் சொன்ன ஒரு சின்னச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வரிசையை எந்த இடத்தில் தொடங்குகிறோமோ, அதே இடத்தில்தான் முடிய வேண்டும். ஒவ்வோர் அடியின் நீளமும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். வீட்டு டைல்ஸ் தரை போதும். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பிள்ளையை 'சோன்-ஜி' செய்யச் சொல்லிப் பாருங்கள். டேக்வாண்டோ தெரியாத பாட்டிகூட மார்க் போடலாம்.

நேற்றிரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, முதல் நாள் ரெண்டு டைல்ஸ் தள்ளி நின்னான். இன்னைக்கு ஒரு சாண்தான். அவங்க அப்பாவும் இப்ப பக்கத்துல நின்னு செய்றாரு. அவரு இன்னும் மூணு டைல்ஸ்."

அன்புடன்,
ஆசிரியர்