எட்டுக்கால் பூச்சியை எண்ணினவர்

பிரிஸ்டோ என்று ஒரு வெள்ளைக்காரர். 1901-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். சம்பளத்துக்கு நிறைய வருஷம் வேலை பார்த்தது ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனியில். ஆனா மனுஷனுக்கு உயிர் சிலந்தி மேலதான். 1958-ல் அவர் எழுதின சிலந்திப் புத்தகத்தை இன்னைக்கும் அந்தத் துறை ஆட்கள் பேசுறாங்க.

அவர் செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சசெக்ஸ் பக்கம் யாரும் கை வைக்காத ஒரு புல்வெளியில் சிலந்திகளை எண்ணிக் கணக்குப் போட்டார். ஏக்கருக்கு 20 லட்சத்துக்கும் மேல! பிரிட்டன் சிலந்திகள் ஒரு வருஷத்தில் தின்கிற பூச்சிகளின் எடை, அந்த நாட்டு ஜனங்களின் மொத்த எடையைவிட அதிகம்னு சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. 1940-களில் பி.எச்.சி.யைப் பூச்சிமருந்தாக்கி, கமாக்சின் என்று பேர் வெச்சதும் அதே ஐ.சி.ஐ.தான். நம்ம பக்கம் 'பி.எச்.சி. பவுடர்'னா பெருசுகளுக்குத் தெரியும். இந்தியாவில் 1997-ல்தான் தடை வந்தது. பூச்சியைக் கொல்ற பவுடருக்கு, பூச்சியைத் தின்கிற சிலந்தி எது, நெல்லைக் கெடுக்கிறது எதுன்னு தெரியுமா?

நெல்லில் புகையான் பயிரோட அடித்தூர்ல உட்கார்ந்து சாறை உறிஞ்சும். அங்கேயே ஓடி ஓடி அதைப் பிடிச்சுத் தின்கிறது ஓநாய்ச் சிலந்தி. கண்டபடி மருந்து அடிச்சா முதல்ல காலியாகிறது இதுதான். பிறகு புகையான் முன்னைவிட அதிகமா வரும். மறுபடி மருந்து, மறுபடி செலவு.

நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகமே இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. தூருக்கு ஒரு புகையான் இருந்தா மருந்தைப் பத்தி யோசி. ஆனா குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுத்துக்கோ. பிரிஸ்டோ புல்வெளியில் செஞ்ச அதே வேலைதான் இது. குனிஞ்சு எண்ணணும்.

எண்ண யாருக்கு நேரமிருக்கு? மருந்துக்கடையில் கேட்டா பாட்டில் தருவாங்க, சிலந்தியை எண்ணிட்டு வான்னு சொல்ல மாட்டாங்க. விவசாயிக்குப் பயம். அந்தப் பயத்தில் அடிக்கிற மருந்துக்கு அவன் காசு கொடுக்கிறான். மிச்சம் உங்க தட்டு வரைக்கும் வரலாம்.

அதனால, தெரிஞ்ச விவசாயிகிட்ட நேரா அரிசி வாங்குற நகரத்து நண்பர்களே, "மருந்து அடிச்சீங்களா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "வயல்ல சிலந்தி இருக்கா?"ன்னும் கேளுங்க. பதில் சொல்றதுக்காவது அவர் ஒருதரம் குனிஞ்சு பார்ப்பார்.