இனாமாக வந்த பெருமை

செங்காங்கில் ஒரு காப்பிக்கடையில் சில நாட்களுக்கு முன் நமது நண்பர்கள் சிலர் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "நாம் சின்ன தேசம், நமக்கு விதித்தது இவ்வளவுதான். ஆனாலும் 1984-ல் ஆசியாவின் பெரிய தேசங்களோடு சரிசமமாக நின்றோமே, அது போதாதா?" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நாம் ஆட்டவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

1984 டிசம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. வந்தவை பத்து தேசங்கள். நமது பிரிவில் சீனா, ஈரான், ஐக்கிய அரபுச் சிற்றரசுகள், இந்தியா ஆகியவை இருந்தன. காலாங் தேசிய அரங்கில் நம்மவர் இந்தியாவை 2-0 என்று வென்றனர். அதற்குமுன் மூன்று முறை கிண்ணம் கொண்ட ஈரானோடு 1-1 என்று சமன் செய்தனர். சீனாவிடம் 0-2 என்றும், அரபுச் சிற்றரசுகளிடம் 0-1 என்றும் தோற்றனர். ஐவரில் நான்காம் இடம். கிண்ணத்தைச் சவுதி அரேபியா, சீனாவை 2-0 என்று வென்று கொண்டுபோயிற்று. இவ்வளவுதான் சரித்திரம்.

அன்று ஆடியவர்களை நாம் குறைத்துப் பேச வரவில்லை. எந்த ஆட்டத்திலும் அவர்கள் இரண்டு கோலுக்குமேல் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் பெற்ற மதிப்பு அவர்கள் காலால் பெற்றது. ஆனால் அந்தப் பந்தியில் நமக்கு இலை போட்டது எதனால் என்பதை யோசிக்க வேண்டாமா? போட்டியை நடத்தும் வீட்டுக்காரன் என்பதனால் தகுதிச் சுற்று ஆடாமலே இடம் கிடைத்தது. அது முறைப்படி கிடைத்ததே, தவறில்லை. ஆயினும் பிறப்பால் கிடைத்த பெருமையைப் பிடித்துக்கொண்டு உழைக்காமல் இருப்பவனை நாம் எத்தனையோ காலமாகக் கண்டித்து வருகிறோம். வீட்டுக்காரன் என்பதால் கிடைத்த இடத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டு காலங்கழித்தவனை மட்டும் ஏன் விடவேண்டும்? முயன்று பெற்ற இடமாக அது நமக்கு வருவதற்கு 41 ஆண்டுகள் ஆயின. 2025 நவம்பர் 18-ல் ஹாங்காங்கில், முதலில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு ஷாவல் அனுவாரும் இல்ஹான் ஃபண்டியும் அடித்த கோல்களால் 2-1 என்று வென்றபோதுதான், 2027 போட்டிக்கு நாம் சொந்த யோக்கியதையால் தேறினோம்.

நிற்க, "சின்ன தேசம்" என்னும் சமாதானத்தைப் பார்ப்போம். நான்கு லட்சம் ஜனங்கள்கூட இல்லாத ஐஸ்லாந்து 2016-ல் ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தை வென்றது. 2018-ல் உலகக் கிண்ணத்தில் ஆடியது. எப்படி? பனி விழும் தேசத்தில் கூரையிட்ட ஆட்டக்கூடங்களைக் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் முறையாகப் பயின்ற பயிற்சியாளரை வைத்தார்கள். மறுபக்கம் பாருங்கள்: 140 கோடி ஜனங்களுடைய இந்தியா, 2025 அக்டோபரில் கோவாவில் நம்மிடம் 2-1 என்று தோற்று, 2027-க்கான வாய்ப்பை இழந்தது. தலையை எண்ணினால் கோல் விழுமா? அறுபது லட்சம் பேர் வாழும் ஊர் விதியைக் காட்டி உட்கார்ந்திருப்பது சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயரேயன்றி வேறல்ல.

அந்தக் கோவா ஆட்டத்தில் நமது இரண்டு கோல்களையும் அடித்த சோங் உயி யங் தென்கொரியாவில் பிறந்தவர். 2021-ல் சிங்கப்பூர்க் குடிமகனானவர். "இந்தியாவும் சிங்கப்பூரும் மோதினால் தமிழன் யார் பக்கம்?" என்று இன்னமும் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா? உழைக்கும் மண்ணே ஊர். உரிமையும் கடமையும் அங்கேதான். பிறப்பைத் துருவுகிறவர்கள் பந்தையும் ஜாதி கேட்டு உதைப்பார்கள் போலும்!

அப்படியானால் குறை எங்கே? வெகுதூரம் போகவேண்டாம். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்துச் சுவரைப் பார்த்தால் போதும். பந்து விளையாடக்கூடாது என்ற பலகை நிற்கும். 2016-ல் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் ஒரு கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்தாடாதபடி இரும்புத் தடுப்புகளையே நிறுத்தினார்கள். ஜனங்கள் கண்டித்த பிறகு எடுத்தார்கள். லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் பல தலைமுறைகள் பந்தாடின. அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. செங்காங் என்ற பெயரைத் தாங்கி ஒரு குழு தேசிய லீக்கில் ஆடியது. அதுவும் 2011-ல் ஹவ்காங் யுனைடெட் எனப் பெயர் மாறிப்போயிற்று.

நிலம் குறைவு, வீடு வேண்டும், முதியோருக்கு அமைதி வேண்டும் என்பார்கள். மூன்றும் நியாயமே. நாம் மறுக்கவில்லை. ஆனால் பள்ளித் திடல்கள் மாலையில் பூட்டிக் கிடப்பது எந்த முதியவருக்கு அமைதி தருகிறது? சில பள்ளிகள் திறந்து விடுகின்றன. எல்லாப் பள்ளிகளும் திறந்தால் ஒரு சதுர அடி புது நிலமும் தேவையில்லை.

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது யோக்கியமாகாது. பந்தைத் தொட்டால் படிப்புக் கெடும் என்று பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து துணைப்பாட வகுப்புக்கு இழுத்துச் செல்லும் பெற்றோர் நாமல்லவா? அதே பெற்றோர் இரவில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, தேசியக் குழு தோற்றதென்று பற்களைக் கடிக்கிறார்கள். விதைக்காதவனுக்கு விளைச்சலைப் பற்றிக் கோபம் ஏன்?

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் வெட்கக்கேடு. 1975-ல் ஹாங்காங்கில் பெண்களுக்கான முதல் ஆசியப் போட்டி நடந்தபோது சிங்கப்பூர்ப் பெண்கள் அங்கே சென்று ஆடினார்கள். ஆண்களின் 1984-க்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு! அந்தச் செய்தி நமது காப்பிக்கடை நண்பர் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடியவர்களை மறந்ததோடு நில்லாமல், இன்று ஆட வரும் மகளையும் "பெண்ணுக்கு எதற்குப் பந்து?" என்று தடுக்கிறோம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். 1984-ஐப் படமாக மாட்டிப் பூச்சூட்ட வேண்டாம். அன்று ஈரானைத் தடுத்து நிறுத்தியவர்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஏதோ ஒரு திடலில், யாரோ விரட்டாமல் விட்டதனால் ஆடிப் பழகியவர்கள். நாளை மாலை உங்கள் மாடியின் கீழ் ஒரு பிள்ளை பந்தோடு வந்து நிற்கும்போது, அதனை விரட்டுவதற்குமுன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மகனாயினும் மகளாயினும், திடலுக்கு வழிகாட்டி அனுப்புங்கள். திடல் இல்லையென்றால், வேண்டுமென்று நம்மோடு சேர்ந்து கேளுங்கள்.