இரண்டுதானே!

சென்ற மாதம் புகைத்தலின் தீமைபற்றிக் கட்டுரை வரையுமாறு வகுப்பிற் பணித்திருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தீமையை அறிந்தவர் விட்டுவிடுவர் என்கிறீர்கள். நோயாளருடன் நாளும் பழகும் தாதியரே சில நாடுகளிற் புகைக்கிறார்களாமே! அவர்கள் அறியாததா?" என்று வினவினான். நம்மிடம் விடை இருக்கவில்லை. மேற்சட்டைப் பையிற் சிகரட்டுப் பெட்டிதான் இருந்தது.

வீடு சென்று தேடிப் படித்தோம். ஐக்கிய அமெரிக்காவிலே 1976ஆம் ஆண்டு தொடங்கிய தாதியர் சுகநல ஆய்வில் 30 முதல் 55 வயது வரையான 1,21,700 பெண் தாதியர் சேர்ந்தனர். இரண்டாண்டுக்கொருமுறை தம் உடல்நிலையையும் பழக்கங்களையும் எழுதி அனுப்பினர். தொடக்கத்தில் அவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் புகைப்பவர்!

அறியாமை என்று இதனைத் தள்ளிவிடல் எளிது. இரவு முழுவதும் வாட்டிலே நின்று பணிபுரிபவள், "சற்று இளைப்பாறப் போகிறேன்" என்று சொல்லக் கூசுவாள். "ஒன்று புகைத்துவிட்டு வருகிறேன்" என்பது வாயில் எளிதாய் வரும். நிக்கொட்டீன் உடலிற் குறையுந்தோறும் பதற்றம் எழும். அதனை அவள் வேலைக் களைப்பென்று எண்ணி, அடுத்ததைப் பற்றவைப்பாள். பின்னர் கைகழுவி, வாசனை பூசி, நோயாளர் அறியாவண்ணம் திரும்புவாள். வெட்கம் உண்டு, ஆயினும் விடமுடிவதில்லை.

அவ்வாய்விலிருந்து 1987இல் வெளிவந்த அறிக்கையொன்று நம்மையே சுட்டது. நாளுக்கு 1 முதல் 4 சிகரட்டு மாத்திரம் புகைத்த தாதியருக்கும், என்றுமே புகையாதவரைவிட இதயநோய் அபாயம் இரண்டு மூன்று மடங்காம். நாம் நாளுக்கு இரண்டு புகைப்பவர்! "இரண்டுதானே" என்று பன்னிரண்டு ஆண்டுகளாக மனையாளிடம் கூறிவந்த வாதம் அத்துடன் ஒழிந்தது. (அவள் அதனை என்றும் ஏற்றதில்லை என்பது வேறு.) ஆய்வு பெண்களைப் பற்றியதன்றோ என்று ஒரு கணம் ஆறுதல் தேடினோம். அதை மாணவன் முன் சொல்ல நா எழுமோ?

விட்டவர் கதை வேறு. மிகைப்பட்ட இதயநோய் அபாயத்தில் மூன்றிலொரு பங்கு, விட்ட இரண்டு ஆண்டுகளுள் நீங்கியதென்றும், 10 முதல் 14 ஆண்டுகளில் அவர் புகையாதவர் நிலையை எய்தினர் என்றும் 1994இல் எழுதினர். அவ்வாய்விற் சேர்ந்த தாதியருள் புகைப்போர் தொகையும் 2003இல் நூற்றுக்கு எட்டளவாக இறங்கிற்று. அக்காலத்திலேயே லிண்டா சார்னா முதலிய தாதியர், புகைக்கும் தம் தோழியரை ஏசாது, விடுவதற்குக் கைகொடுக்கும் இயக்கமொன்றைத் தொடங்கினர். முதல் முயற்சியில் வெல்பவர் சிலரே. முதற்சில நாட்களின் எரிச்சல் கொடிது. சில வாரங்களில் அது தணியும்.

நாம் விடத் தொடங்கி இன்று பதினொரு நாள். ஐந்தாம் நாள் மாலை, பரீட்சைத் தாள்களின் நடுவே ஒன்று புகைத்துவிட்டோம். மறுநாட் காலை அதை மனையாளிடம் கூறினோம். அவள் ஒன்றும் பேசாது பெட்டியை வாங்கி அலுமாரியிற் பூட்டினாள். திறப்பு அவளிடமே உளது.