மொழி கல்லாமல் மெய்யியலா?

யூத மெய்யியலில் முனைவர் பட்டம் பெற வருவோர்க்கு எபிரேயமும் அரபும் எதற்கு, ஆங்கில மொழிபெயர்ப்புகள் போதாவா என்று வினவுவோர் உளர். போதா என்பதே நம் விடை.

மைமோனிடீசின் 'திகைத்தோர்க்கு வழிகாட்டி' 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் மொழி அரபு, எழுத்தோ எபிரேயம். அரபு அறியாதவர் அதனுள் அல்-ஃபாராபியின் குரலைக் கேட்பது எங்ஙனம்?

'உயிரின் ஊற்று' என்னும் நூலை இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டுமே கற்ற ஐரோப்பியர், அதன் ஆசிரியர் 'அவிசெப்ரோன்' இசுலாமியரோ கிறித்தவரோ எனப் பல நூற்றாண்டுகள் மயங்கினர். தாமஸ் அக்குவினாசும் அப்பெயராலேயே அவரை மறுத்தார். அவர் யூதக் கவிஞர் இப்னு கபிரோல் என்று 1846இல் நிறுவியவர் சாலமோன் முங்க். எபிரேயச் சுவடியொன்றில் அந்நூலின் பகுதிகளை அடையாளம் காண அவர்க்கு மொழிப்புலமை இருந்தது, மயக்கம் தீர்ந்தது.

மொழி கற்கவே ஆண்டுகள் கழிந்துவிடும் என்பர். கழியட்டும், ஆய்வின் முதற்படி அதுதான். 'வழிகாட்டி'க்கு ஷ்லோமோ பைன்ஸ் 1963இல் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வாசகர்க்குப் பெருங்கொடை, மறுக்கவில்லை. ஆனால், அதனைத் தர அவர்க்கு அரபு வேண்டியிருந்ததே! அடுத்த பைன்சை உருவாக்கும் கடமை பல்கலைக்கழகத்திற்கு இல்லையெனில் வேறு யார்க்கு உண்டு? மொழித்தேர்வை நீக்குவது மாணவர்க்குச் சலுகையன்று. பிறர் கண்ணால் மட்டுமே காணும்படி அவரை வாயிலில் நிறுத்துவதாகும்.