மாகாண சபைத் தேர்தல்: இலங்கையிடம் இந்தியா கேட்க வேண்டியது ஒரே ஒரு தேதி

இந்தியப் பிரதமரோ வெளியுறவு அமைச்சரோ கொழும்பு போய்த் திரும்பும்போதெல்லாம், செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும்: 13-வது சட்டத்திருத்தத்தை முழுமையாக அமல்படுத்த இந்தியா வலியுறுத்தல். நாமும் அதைப் பார்த்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். நீங்கள் 1990-களில் பிறந்தவர் என்றால், செய்தி படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வரி கிட்டத்தட்ட மாறவே இல்லை.

இத்தனை வருஷமாக ஒரே வரியைச் சொல்லியும் வேலை நடக்கவில்லை என்றால், கேட்கிற விதத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. ‘முழுமையாக’ என்று கேட்பதால்தான் எதுவுமே கிடைக்காமல் போகிறது என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்துவிடுவோம்.

13-வது திருத்தம்னா என்ன?

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்கும்போது, ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியின் பின்பகுதியால் ராஜீவைத் தாக்கினார். ஒப்பந்தத்துக்கு சிங்களர்களிடையே எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதற்கு அந்த ஒரு காட்சியே போதும்.

அந்த ஒப்பந்தத்தின் விளைவாக, அதே ஆண்டு நவம்பரில் இலங்கை நாடாளுமன்றம் அரசியலமைப்பில் 13-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதில் முக்கியமாக இரண்டு விஷயங்கள். தமிழும் ஆட்சிமொழி ஆனது. மாகாண சபைகள் உருவாயின. நம் ஊர் சட்டமன்றம் மாதிரி, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், ஒரு முதலமைச்சர், தனியாக ஓர் அதிகாரப் பட்டியல்.

ஆனால் நம் மாநிலங்களோடு ஒப்பிட்டால் அது ரொம்பவே மெலிந்த அமைப்பு. ஆளுநரை அதிபர் நியமிப்பார், கடிவாளம் அவர் கையில். நிலம் (அங்கே ‘காணி’ என்பார்கள்), காவல்துறை ஆகிய இரண்டு அதிகாரங்களும் எழுத்தில் உண்டு, கைக்கு வந்ததே இல்லை. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களும், 2006-ல் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று சொன்னதையடுத்துப் பிரிக்கப்பட்டன.

யார் யார் விலை கொடுத்தார்கள்?

இந்த மெலிந்த அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரியது. ஒப்பந்தத்தைக் காக்கப் போன இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அந்தப் படையின் கையால் யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் இறந்தார்கள். அங்குள்ள குடும்பங்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நமக்குத் தெரியும்.

நாம் அதிகம் பேசாத பக்கம் ஒன்றும் உண்டு. மாகாண சபையை எதிர்த்து தெற்கில் ஜே.வி.பி. ஆயுதம் தூக்கியது. 1987 முதல் 1989 வரை ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் செத்துப்போனார்கள். ஒப்பந்தத்தை வெளிப்படையாக ஆதரித்த சிங்களத் திரை நட்சத்திரமும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க, 1988 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரப் பகிர்வுக்காக உயிரைக் கொடுத்தவர்களில் சிங்களரும் இருந்தார்கள்.

அன்று ஆயுதம் தூக்கிய அதே ஜே.வி.பி.தான் இன்று ஆட்சியில் இருக்கும் தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு. வடகிழக்கு இணைப்பை எதிர்த்து 2006-ல் நீதிமன்றம் போனவர்களும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள்தான். 2024 நவம்பர் தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு 225-ல் 159 இடங்கள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் 6 இடங்களில் 3-ஐப் பிடித்தது. தமிழர்கள் நிறையப் பேர், பழைய கதையை ஒதுக்கி வைத்துவிட்டு அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் கட்சிக்கு வாக்களித்தார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் என்பதுதான் இப்போதைய கேள்வி.

இப்ப மாகாண சபைகள் என்ன ஆச்சு?

இல்லை. அதாவது, ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூட தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை.

வடக்கு மாகாணத்தில் முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 38 இடங்களில் 30-ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, சி.வி.விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார். ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஜெனரல். அந்த சபை என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

2017-ல் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் வந்தது. புதிய முறைக்குத் தொகுதி மறுவரையறை தேவை. அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. 2017-க்கும் 2019-க்கும் இடையில் சபைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின. அன்று முதல் ஆளுநர்கள் ஆட்சிதான்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது கஷ்டமா? பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு சின்ன சட்டத்திருத்தம் போதும். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வைத்திருக்கும் ஆட்சிக்கு அது ஒருநாள் வேலை.

சரி, இந்தியா ஏன்? ‘பிராந்தியம்’ எங்கே?

தெற்காசியாவில் பிராந்திய ராஜதந்திரம் என்றால், கடைசியில் இந்தியாவிடம்தான் வந்து நிற்கும். சார்க் அமைப்பின் சாசனத்திலேயே, இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் பேசக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பேசலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதன் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை. 2002-ல் நார்வே போர்நிறுத்தம் கொண்டுவந்தது, நிலைக்கவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இந்தியா 2012, 2013-ல் இலங்கை மீதான தீர்மானங்களை ஆதரித்தது. 2014, 2021, 2022-ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது.

மறுபக்கம், இந்தியா கொடுத்ததும் குறைவில்லை. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 46,000 வீடுகள். யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் ரயில் பாதை. 2022 பொருளாதார நெருக்கடியில் சுமார் 400 கோடி டாலர் உதவி. 2023 ஜனவரியில் ஐ.எம்.எஃப். கடனுக்காக முதலில் உத்தரவாதக் கடிதம் கொடுத்த நாடும் இந்தியாதான். கொழும்பில் இந்தியாவின் பேச்சுக்கு இன்று இருக்கும் மரியாதை, 1987-ல் படையோடு போனபோது இருந்ததைவிட அதிகம்.

இந்த மரியாதையை எதற்குப் பயன்படுத்துவது? ‘முழுமையாக அமல்படுத்துங்கள்’ என்று சொன்னால், கொழும்பும் ‘கண்டிப்பாக’ என்று சொல்லும். முழுமை என்பதற்கு அளவும் கிடையாது, கெடுவும் கிடையாது. நம் ஆபீசில் ‘சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க’ என்று மெயில் போட்டால் என்ன நடக்கும்? தேதி போடாத வேலை நகராது.

2025 ஏப்ரலில் கொழும்பில் பேசிய பிரதமர் மோடி, மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதையும் குறிப்பிட்டுச் சொன்னார். அதுதான் சரியான திசை. அடுத்த படி, அதற்கு ஒரு தேதி கேட்பது.

இரண்டு எதிர்வாதங்கள்

முதலாவது: இது அடுத்த நாட்டு உள்விவகாரத்தில் தலையிடுவது இல்லையா? 13-வது திருத்தம் இலங்கையின் சொந்த அரசியலமைப்பு. அது பிறந்ததோ இரு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒன்பது மாகாணங்களில் ஏழு, வடகிழக்குக்கு வெளியே இருக்கின்றன. காலி, கண்டி, குருநாகல் வாக்காளரும் தங்கள் மாகாண வாக்குரிமையை இழந்துதான் இருக்கிறார்கள். தேர்தல் கேட்பது தமிழருக்கு மட்டும் சலுகை கேட்பதாகாது. சிங்களக் கிராமத்திலும் தயங்காமல் பேசக்கூடிய ஒரே நல்லிணக்கக் கோரிக்கை இதுதான்.

இரண்டாவது எதிர்வாதம் தமிழர்களிடமிருந்தே வருகிறது: அதிகாரமில்லாத இந்த சபையை வைத்துக்கொண்டு என்ன பண்றது? கூட்டாட்சிதானே தீர்வு? இதில் நியாயம் இருக்கிறது. விக்னேஸ்வரனின் ஐந்தாண்டு அனுபவமே அதற்குச் சாட்சி. ஆனால் சபையே இல்லாத இத்தனை ஆண்டுகளில் கூட்டாட்சி ஓர் அடியாவது கிட்ட வந்ததா? அதிகாரம் குறைந்த சபையிலிருந்து கூடுதல் அதிகாரம் கேட்கலாம், தீர்மானம் போடலாம், வழக்குப் போடலாம். ஆளுநர் அலுவலக வாசலில் மனுவோடு நின்றால் அதெல்லாம் முடியாது. 2022 ஜனவரியில், மூத்த தலைவர் சம்பந்தன் உள்ளிட்ட தமிழ்க் கட்சித் தலைவர்கள் மோடிக்கு எழுதிய கடிதத்தில், 13-வது திருத்தத்தை நிறைவேற்ற உதவும்படிதான் கேட்டார்கள். எல்லாத் தமிழ்க் கட்சிகளும் அதில் சேரவில்லை என்பதும் உண்மை. மாடி கட்டணும்னா முதலில் தரைத்தளம் கையில் இருக்கணும்.

நம் பக்கம் ஒரு கணக்கு

கடைசியாக, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நமக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மீனவர்களிடம் போய் இந்தியாவைப் பற்றிக் கேட்டால், அவர்கள் முதலில் பேசப்போவது 13-வது திருத்தத்தைப் பற்றி இல்லை. இழுவைமடிப் படகுகளைப் பற்றி. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அந்தத் தமிழ் மீனவர்களின் வலைகளை நம் விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன, கடலடியையும் வழித்தெடுக்கின்றன. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. இந்தியாவும் அதே ஆண்டு, படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கை எட்டவில்லை. இலங்கைக் கடற்படையின் கைதுகளையும் துப்பாக்கிச் சூடுகளையும் கண்டிப்பது நம் கடமை. அதே மூச்சில், ராமேஸ்வரத்து மீனவரைக் கடனில் தள்ளாமல் படகை மாற்றிக்கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்கவும் வேண்டும்.

ஈழத்தமிழர் உரிமை பற்றி மேடையில் பேசுகிற நாம், அவர்கள் வயிற்றுப்பாட்டைக் கடலில் கெடுத்துக்கொண்டிருந்தால், கொழும்புக்கு அது வசதி. தமிழர்களுக்குள்ளேயே சண்டை என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆக, டெல்லி கேட்க வேண்டியது: மாகாண சபைத் தேர்தல் எந்த மாதம், எந்தத் தேதி? சென்னை செய்ய வேண்டியது: நம் பக்கக் கடலைச் சரிபண்ணுவது. அடுத்த முறை அந்தக் கடைசிப் பத்தி வரி உங்கள் போனில் வரும்போது, அதில் தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், அது பழைய வரிதான்.