கடன் கிடைத்தவருக்கு மட்டுமா மானியம்?

தொழில் தொடங்க வரும் இளைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் மானியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008 முதல் நடக்கிறது. வேலையற்ற இளைஞர்களுக்கு மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. இருக்கிறது, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் வாசல் ஒன்றுதான்: வங்கி. கடன் ஒப்புதலானால்தான் மானியம். வங்கி கையை விரித்துவிட்டால், மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்த விண்ணப்பமும் வெறும் காகிதம்தான். இவற்றோடு, வங்கிக் கடனைச் சாராத தொடக்க மானியம் ஒன்றும் வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். கிராமத்தில் 5 லட்சம் ரூபாயில் தொழில் தொடங்க, பொதுப் பிரிவு இளைஞர் ஒருவர் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். 10 சதவீதம், அதாவது 50,000 ரூபாய், அவர் கையிலிருந்து போட வேண்டும். மீதி 4.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் 25 சதவீதம், 1.25 லட்சம். அந்தப் பணம் அவர் கைக்கு வராது. வங்கியிலேயே 3 ஆண்டுகள் வைப்பாகக் கிடந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு கடனில் கழியும். அவ்வளவு தொகைக்கு வட்டி போடுவதில்லை என்பது நல்ல ஏற்பாடு. மானியத்தை வாங்கிக்கொண்டு கடையைச் சாத்துபவர்களைத் தடுக்கத்தான் இந்தக் காத்திருப்பு என்பதும் நியாயமே. ஆனால் பணமுடை அதிகம் இருக்கும் முதல் ஆறு மாதத்துக்கு இதனால் ஒரு காசு உதவியில்லை. கடைக்கு அட்வான்ஸ், மின் இணைப்புக்கு டெபாசிட், முதல் சரக்கு, வாடிக்கையாளர் பாக்கி வைக்கும் நாட்களைத் தள்ளப் பணம் ஆகியவற்றுக்கு இயந்திரக் கொட்டேஷனில் இடமில்லை. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

மானியத்தைத் திட்ட மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வைத்ததிலும் ஒரு கோளாறு உண்டு. இரண்டு தையல் இயந்திரமும் ஒரு ஓவர்லாக்கும் போட்டு 80,000 ரூபாயில் தொடங்கிவிடலாம் என்று ஒரு பெண் வருகிறார். ‘இவ்வளவு சின்னத் தொகைக்கு எதற்கும்மா இத்தனை அலைச்சல், 5 லட்சத்துக்குப் போடுங்கள், மானியமும் கூட வரும்’ என்ற ஆலோசனை அவருக்குத் தாராளமாகக் கிடைக்கும். திட்ட அறிக்கை வீங்குகிறது, இயந்திரம் பெரிதாகிறது, கடனும் கூடவே ஏறுகிறது. கையில் பணம் கொடுத்தால் மானியத்துக்காகவே தொழில் தொடங்குவார்கள் என்று அஞ்சுபவர்கள், முதலில் இந்த சதவீதக் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சிறுதொழில் கடனில் குறிப்பிட்ட வரம்பு வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஈடு கேட்க முடியாத கிளை, சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. படிப்புக் கடன் தவணையை வேலையில்லாமல் விட்டவருக்கு அந்த மதிப்பெண் எப்படி இருக்கும்? வேலையில்லாததால் தொழிலுக்கு வருகிறார். அதே காரணத்தால் திருப்பி அனுப்பப்படுகிறார்.

நாங்கள் கேட்பது அரசுக்குத் தெரியாத வழியல்ல. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு வழியாக வரும் டான்சீட் நிதியில், தேர்வான புத்தொழில் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாயும், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாயும் வங்கிக் கடன் இல்லாமலே கிடைக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீதத்தை முன்முனை மானியமாகவே தருகிறது. அங்கும் கடன் உண்டு என்றாலும், பணம் முதலில் வந்தால் ஊர் கெட்டுவிடாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறோம். செயலி எழுதுபவரை நம்பும் அரசு, லேத் போடுபவரையும் நம்பலாம்.

18 முதல் 30 வயது வரையிலான முதல்முறைத் தொழில்முனைவோருக்கு, திட்ட மதிப்பு எதுவானாலும், 1 லட்சம் ரூபாய் வரை இரண்டு தவணையாகத் தர வேண்டும். வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி மையங்களில் இலவசமாகத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, தொழில் கற்றுத்தருகிறார்கள். பயிற்சி முடித்து, இடம் பிடித்து, உத்யம் பதிவு செய்ததும் முதல் தவணை 40,000 ரூபாய் வர வேண்டும். நான்கு மாதம் கழித்து விற்பனை ரசீதையோ யுபிஐ வரவையோ காட்டினால் மீதி. வாடகைக்கும் சரக்குக்கும் செலவிடத் தடை கூடாது. தொழில் நொடித்துப்போனால், கணக்கைக் காட்டியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. சிலர் நொடிக்கத்தான் செய்வார்கள். அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாத அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

பணத்துக்குப் பதில் இயந்திரத்தை இலவசமாகக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. எந்த இயந்திரம் வேண்டும் என்று ஓட்டப்போகிறவருக்குத்தான் தெரியும். டெண்டரில் வாங்கியது பலருக்கும் பொருந்துவதில்லை.

இந்த இளைஞர் பின்னர் வங்கிக்குப் போகும்போது, வாங்கிய தொடக்க மானியத்தை அவருடைய சொந்தப் பங்காகக் கணக்கிட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வேறு அரசு மானியம் பெற்ற தொழிலுக்குப் பிரதமர் திட்டத்தின் புதுக்கடன் கிடையாது. அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுத வேண்டும். பதில் வரும்வரை யு.ஒய்.இ.ஜி.பி.யிலும் நீட்ஸிலும் இதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அரசாணை வர நாளாகலாம். அடுத்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்தும் எந்த வங்கிக் கிளை எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பியது, என்ன காரணம் எழுதியது என்ற பட்டியலை, விண்ணப்பித்தவர் பெயர் இல்லாமல், மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். காரணம் எழுதாமல் திருப்பிய விண்ணப்பம் தானாக மறுபரிசீலனைக்குப் போக வேண்டும்.